லாரியில ஸ்பீக்கரை எங்க மாட்டணும் சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. லாரி ஓட்டுகிறவர்களும், வீட்டில் லாரி ஓட்டுகிற ஆள் இருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் உங்கள் விருப்பம்.

ரிட்டயர்டு ஆன இயற்பியல் வாத்தியாருக்கு லாரி ஸ்பீக்கரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தூத்துக்குடியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தவனிடம் படித்த பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? துறைமுகத்தைச் சுற்றித்தான். திருப்பூர் பனியன், கரூர் போர்வை என்று கன்டெய்னர் ஏற்றி வருகிறவன் ஒருத்தன், உப்பளத்தில் லோடு எடுக்கிறவன் ஒருத்தன், உரம் ஏற்றுகிறவன் ஒருத்தன். பிள்ளை எந்த குரூப் எடுக்கலாம் என்பதிலிருந்து இன்வெர்ட்டர் பேட்டரி வரை என்னிடம் கேட்பார்கள். இந்த வருடம் மட்டும் மூன்று பேர் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், வண்டிக்கு செட் வாங்கிட்டேன். ஸ்பீக்கரை எங்க மாட்டணும்?"

கடைக்காரரும் கூட்டாளிகளும் சொல்வது ஒன்றுதான். படுக்கிற பெர்த்துக்கு மேலே, பின்சுவரில், டிரைவர் மண்டைக்குப் பின்னால் பெரிய ஓவல் ஸ்பீக்கர் ரெண்டு. கதவுக்கு ஒன்று வீதம் இன்னும் ரெண்டு. பேஸ் முதுகில் அடிக்க வேண்டும். அப்போதுதான் 'எஃபெக்ட்'.

நான் சொல்வது நேர்மாறு. பின்னால் ஒன்றுமே வேண்டாம். பாட்டு முன்னாலிருந்து வரட்டும். முன்கண்ணாடிக்கு மேலே சாமி படம் வைக்கிற தட்டு இருக்கிறதே, அங்கே சின்ன ஸ்பீக்கர் ரெண்டு போதும். பின்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் காதுக்கு விட்டுவிடுங்கள். அங்கே காதுக்கு வேறு வேலை இருக்கிறது.

கேட்ட மூன்று பேரில் ஒருவனைப் பற்றிச் சொன்னால் விஷயம் புரியும். பெயர் வேண்டாம். திரேஸ்புரத்துப் பையன். பையன் என்ன பையன், நாற்பதைத் தாண்டிவிட்டான். பத்தாவதோடு நின்று அப்பாவோடு சங்கு குளிக்கப் போனான். இங்கே அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு முடிந்துபோனது. நமக்குத் தெரிந்ததெல்லாம் சங்குதான். பத்து மீட்டர் இறங்கினாலே மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். மூக்கைப் பிடித்துக் காற்றைத் தள்ளி காதைச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். சளி பிடித்திருக்கும்போது இறங்கினால் காது சரியாகாது. அப்படி ஒரு நாள் இறங்கி இடது காதில் ரத்தம் வந்திருக்கிறது. சில வருடம் கழித்துக் கடலை விட்டுவிட்டு ஹெவி லைசென்ஸ் எடுத்தான். இப்போது கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறான்.

அவன் பள்ளியில் படித்தபோது, ஒலி அத்தியாயம் நடத்துகையில், எழுந்து நின்று ஒரு விஷயம் சொன்னான். "சார், தண்ணிக்குள்ள இருக்கும்போது போட்டு எந்தப் பக்கம் வருதுன்னே தெரியாது சார். இன்ஜின் தலைக்குள்ள ஓடுற மாதிரி இருக்கும்." லீவு நாளில் அப்பாவோடு போய் முங்கிப் பார்த்திருக்கிறான். அந்த வருடம் முழுக்க எந்தப் புத்தகமும் எனக்குத் தராத உதாரணம் அது. ரிட்டயர்டு ஆகும்வரை எல்லா வகுப்பிலும் சொன்னேன்.

ஏன் தெரியாது? ஒரு சத்தம் வலப்பக்கமிருந்து வந்தால் வலது காதுக்கு முதலில் போகும், இடது காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகும். நம் தலை ஒன்றும் அவ்வளவு அகலம் இல்லை. காற்றில் அந்தப் பிந்தல் அதிகபட்சம் ஒரு மில்லி விநாடியில் முக்கால் பங்குகூட வராது. மூளை அதை வைத்துத்தான் திசை சொல்கிறது. நம் ஊர் வெயிலில் காற்றில் ஒலி வினாடிக்கு 350 மீட்டர் போகிறது. கடல் தண்ணீரில் 1500 மீட்டருக்கும் மேல். நாலு மடங்குக்கு மேல் வேகம். பிந்தல் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். தலையின் நிழல் விழுந்து ஒரு காதுக்குச் சத்தம் குறைவதும் தண்ணீரில் அநேகமாக இல்லை. மூளைக்குக் கணக்கு உதைக்கிறது. எல்லாப் பக்கமும் இன்ஜின். சங்கு குளிக்கிறவர்கள் மேலே வரும்போது கையை உயர்த்திக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே வருவது இதனால்தான். காதை நம்பினால் தலை போய்விடும்.

இனி லாரிக்கு வருகிறேன். அந்தத் தண்ணீர் நிலைமையை நாமே காசு கொடுத்து கேபினுக்குள் உண்டாக்கிக்கொள்கிறோம். அதுதான் என் வருத்தம்.

போன மழைக்காலத்தில் துறைமுகச் சாலையில் நடந்ததை அவனே சொன்னான். ட்ரெய்லரை இடப்பக்கம் திருப்பப் போகிறான். பாட்டு ஓடுகிறது, ஸ்பீக்கர் மண்டைக்குப் பின்னால். "ஹாரன் கேட்டுச்சு சார். பாட்டுல வர்ற சத்தம்னு நெனச்சிட்டேன். கண்ணாடியப் பாத்தா இடப்பக்கம் ஒரு அக்கா ஸ்கூட்டியில, பின்னால யூனிபார்ம் போட்ட புள்ள." அந்த அம்மா பிரேக் பிடித்துவிட்டார். இவனும் பிடித்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டியை ஓரம் கட்டி கால் மணி நேரம் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

லாரிக்கு இடப்பக்கம்தான் குருட்டுப் பக்கம். டிரைவர் வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது முன்சக்கரத்தை ஒட்டி வருகிற ஸ்கூட்டர் அவர் கண்ணில் படாது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக்கென்றே ஒரு ஆள் இருந்தார், கிளீனர். கதவில் தட்டி "போலாம் போலாம் போலாம்" என்பார், ரெண்டு தட்டு தட்டி "ஹோல்டான்" என்பார். இப்போது பல வண்டிகளில் கிளீனர் கிடையாது. வாடகை கட்டுபடியாகவில்லை, ஒற்றை டிரைவர்தான். அந்த கிளீனர் வேலையை இப்போது டிரைவரின் இடது காதுதான் பார்க்கிறது. இவனுக்கோ அந்தக் காதுதான் சங்குக்குப் போனது.

காதுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கல்யாண வீட்டில் அத்தனை இரைச்சலுக்கு நடுவே, பக்கவாட்டில் யாரோ நம் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்புகிறோம். இரைச்சல் ஒரு திசையிலும் நமக்கு வேண்டிய சத்தம் வேறு திசையிலும் இருந்தால் காதால் பிரித்தெடுக்க முடியும். ரெண்டும் ஒரே திசை என்றால் பெரிய சத்தம் சின்னதை விழுங்கிவிடும். பின்னால் ஸ்பீக்கர் வைத்தால் பின்னால் வரும் ஹாரனும் பாட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். முன்னால் வைத்தால் பிரிவதற்கு வாய்ப்பு உண்டு. வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். கேபின் ஒரு தகரப் பெட்டி. கண்ணாடியில் எல்லாச் சத்தமும் பட்டுத் திரும்பும். வலது ஜன்னல் திறந்திருந்தால் இடப்பக்க ஹாரன்கூட வலது ஜன்னல் வழியாகவும் நுழையும். 2025 முதல் புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று வந்துவிட்டது. டிரைவர்களுக்கு எவ்வளவோ நல்லது. ஆனால் ஜன்னலை மூடியபின் வெளி ஹாரன் இன்னும் மெலிந்துதான் உள்ளே வரும். அப்படி மெலிந்து வருவதை நாமே பாட்டால் மூடக் கூடாது.

அப்படியானால் எங்கே மாட்டுவது? ஒவ்வோர் இடமாகப் பார்ப்போம்.

கதவு. கம்பெனிக்காரர்களே ஓட்டை விட்டிருப்பார்கள், மாட்டுவது சுலபம். ஆனால் வலது கதவு ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். காதிலிருந்து 80 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இடது கதவு 1.85 மீட்டர். வித்தியாசம் 1.05 மீட்டர். 350-ஆல் வகுத்தால் 3 மில்லி விநாடி. முதலில் வந்த சத்தத்தின் திசையைத்தான் மூளை எடுத்துக்கொள்ளும். ஆகவே மொத்தப் பாட்டும் வலது கதவிலிருந்து வருவதாகவே தோன்றும். "இடது ஸ்பீக்கர் வேலை செய்யல" என்று கடைக்குத் திருப்பிக்கொண்டு போனவர்கள் உண்டு. வேலை செய்கிறது, மூன்று மில்லி விநாடி லேட், அவ்வளவுதான். போதாக்குறைக்கு முழங்காலும் சீட்டும் உயர்ந்த சுருதிகளை மறைத்துவிடும். கீழே இன்ஜின் உறுமல். பாட்டில் வார்த்தை புரியாது, உடனே வால்யூமைத் திருகுவார்கள்.

இந்த வார்த்தை விஷயத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பனிமய மாதா கோவில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். அதில் பேஸ் என்று ஒரு சொட்டு கிடையாது. ஆனால் ரெண்டு தெரு தள்ளி அறிவிப்பு எழுத்து எழுத்தாகக் கேட்கும். க, ச, ட, த என்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. அது மறைக்காமல் காதுக்கு நேராக வந்தால் குறைந்த வால்யூமே போதும். அது மறைந்துபோனால் எத்தனை வாட்ஸ் வாங்கினாலும் போதாது. நம் டிரைவர்கள் சத்தம் போதவில்லை என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் தெளிவு போதாததுதான்.

பின்சுவர். சொல்லிவிட்டேன். இன்னொன்றும் சேர்க்கிறேன். நம் காது மடல் முன்பக்கம் பார்த்துத்தான் விரிந்திருக்கிறது. பின்னாலிருந்து வரும் உயர்ந்த சுருதி மடலில் பட்டுக் குறையும். அங்கேயும் வார்த்தை போய்விடும்.

மேல் தட்டு. முன்கண்ணாடிக்கு மேலே. குறுக்கே எதுவும் இல்லை, காதுக்கு நேர், முன்திசை. ரெண்டு மூலைக்கும் தள்ளி வைக்காதீர்கள். ஒன்றை டிரைவருக்கு நேர் முன்னால் கொஞ்சம் வலமாக, மற்றதை கேபினின் நடுவில் வையுங்கள். 75 சென்டிமீட்டர், 95 சென்டிமீட்டர் என்று அமையும். வித்தியாசம் 20 சென்டிமீட்டர், 0.6 மில்லி விநாடிக்கும் கீழே. பாட்டு முன்னால் நிற்கும். நாலு இன்ச் ஸ்பீக்கர் போதும். மூடிய சின்னப் பெட்டியில் வைத்து, முகத்தைப் பார்த்துச் சாய்த்து, போல்ட் போட்டு முடுக்குங்கள். டேப் ஒட்டி நிறுத்தினால் சடன் பிரேக்கில் ஸ்டியரிங்கில் வந்து விழும். பார்வைக்கோ கண்ணாடிக்கோ குறுக்கே தொங்கக் கூடாது. முருகனும் மாதாவும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்வார்கள்.

"பேஸ் இல்லாம எப்படி சார்?" இதையும் கேட்டான். பேஸ் மட்டும் எங்கே வைத்தாலும் ஒன்றுதான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர், கேபினைவிடப் பெரிது. அது எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. ஆகவே ஆசை இருந்தால் சின்ன உஃபர் பெட்டி ஒன்றை பெர்த்துக்கு அடியில் வைத்து, 100-க்கு மேலே வெட்டிவிடுங்கள். ஆனால் டீசல் இன்ஜினின் உறுமலும் அதே பகுதிதான். அதோடு போட்டி போட்டு ஜெயிக்க நினைத்தால் கெடப்போவது காதுதான்.

ஒரே ஆள் ஓட்டுகிற வண்டியில் ஸ்டீரியோவே வேண்டுமா என்பதும் எனக்கு ஒரு கேள்வி. செட்டில் மோனோ வசதி இருந்தால் அதைப் போட்டு நேர் எதிரே ஒரே ஸ்பீக்கர் வைத்தாலும் நன்றாகவே இருக்கும். இதைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ராஜா சார் 'ப்ரியா'வையே ஸ்டீரியோவுல போட்டவர் சார். நீங்க என்ன, மோனோங்கீங்க!" 1978 படம். அவன் பிறப்பதற்கு முன்னால் வந்தது. பேசாமல் ரெண்டு ஸ்பீக்கருக்கு ஒப்புக்கொண்டேன். ஒரு எச்சரிக்கை. மோனோ என்று நினைத்து ஒரு பக்கத்து வயரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் இல்லாத வயலினும் கிதாரும் மொத்தமாகக் காணாமல் போகும். செட்டிங்கில்தான் மாற்ற வேண்டும்.

ஸ்பீக்கர் வாங்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. யாரும் செய்வதில்லை. கதவு பீடிங் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பெடல் பக்கம் கேபிள் நுழைகிற ஓட்டைகளை அடையுங்கள். இன்ஜின் மேட்டில் கனமான மேட் போடுங்கள். காரணம் இதுதான். கேபின் இரைச்சல் 78 டெசிபல் என்று வையுங்கள். பாட்டு ரசிக்கும்படி இருக்க அதற்கு மேல் ஒரு பத்தாவது வேண்டும், 88 ஆயிற்று. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் காது தாங்கும் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி நேரம். 91-க்கு ரெண்டு. தூத்துக்குடியிலிருந்து திருப்பூர் போய்ச் சேர நாலு மணி நேரமா ஆகிறது? இரைச்சலை 6 டெசிபல் குறைத்துவிட்டால் பாட்டு 82-லேயே அதே சுகத்தோடு கேட்கும். வாட்ஸுக்குக் கொடுக்கும் காசை ரப்பருக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி. அளந்து பார்க்க போனில் செயலிகள் இருக்கின்றன. ஏறத்தாழத்தான் காட்டும், ஆனாலும் பயன்படும். ஓட்டுகிறவர் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

தூக்கம் வராமல் இருக்கத்தான் சத்தமாக வைக்கிறோம் என்பார்கள். எட்டையபுரம் தாண்டினால் கண் சொருகுகிறது என்றால் அது வண்டியை ஓரம் கட்டித் தூங்கவேண்டிய நேரம். அதற்குப் பாட்டு மருந்து இல்லை.

மாட்டும்போது கவனிக்கவேண்டியவை சில. ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறாமல் பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் ரெண்டும் அடித்துக்கொண்டு செத்துவிடும். குறி அழிந்துபோயிருந்தால் ஒண்ணரை வோல்ட் டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே துள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஸ்பீக்கரைப் பெட்டி இல்லாமல் வெறுமனே தொங்கவிடாதீர்கள். முன்பக்கத்து ஒலியும் பின்பக்கத்து ஒலியும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நம் ஊர் உப்புக் காற்றுக்குக் காகிதக் கோன் வேண்டாம், பிளாஸ்டிக் கோன் வாங்குங்கள். முறுக்கிவிட்ட வயர் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும், சால்டரிங் வையுங்கள். உப்பு லோடு ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவர்கள் சேசிஸே அதற்குச் சாட்சி.

முக்கியமானது கரன்ட். பெரிய லாரியில் 24 வோல்ட், அதாவது 12 வோல்ட் பேட்டரி ரெண்டு வரிசையில். கார் செட்டுக்கு 12 தான் வேண்டும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். ஒரு பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும், கடைசியில் ரெண்டும் போகும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். செட்டுக்குப் பக்கத்தில் போட்டால், நடுவில் வயர் உராய்ந்து சேசிஸில் பட்டு தீப்பிடிக்கும்போது அந்த ஃபியூஸ் சும்மா வேடிக்கை பார்க்கும்.

நம் ஆள் எல்லாவற்றையும் செய்துவிட்டான். பின்சுவர் ஸ்பீக்கரைக் கழற்றி மச்சான் வேனுக்குக் கொடுத்துவிட்டான் (அது வேறு கவலை). ஒன்றை மட்டும் செய்ய ரொம்ப யோசித்தான், காது பரிசோதனை. "லைசென்சுக்கு எதும் ஆயிருமோ சார்?" என்ற பயம். கையோடு கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எடுத்த ஆடியோகிராமில் வலது காது ஓரளவு சரி. இடது காதின் கோடு 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் படி இறங்குவதுபோல இறங்குகிறது. ஸ்கூட்டர் ஹாரனில் கிரீச்சென்று கேட்பது அந்தப் பகுதிதான். அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அந்த அக்கா ஹாரன் அடிச்சது எனக்குப் பாதிதான் கேட்டிருக்கும், இல்லையா சார்?" ஆமாம் என்றேன். சிகிச்சை நடக்கிறது. இடது கதவில் கூடுதலாக ஒரு குவி ஆடி மாட்டியிருக்கிறான். திருப்பத்துக்கு முன்னால் பாட்டை நிறுத்துவது என்றும் வைத்துக்கொண்டிருக்கிறான். ஸ்டியரிங்கிலேயே மியூட் பட்டன் இல்லாத செட்டுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு ஸ்விட்ச் போட்டுக்கொள்ளலாம், அறுபது எழுபது ரூபாய் வேலை.

செட்டின் மாடலை எழுதி, கேபினின் உள்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் மோனோ எங்கே இருக்கிறது, தட்டில் எந்த இடம் தோதுப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன். நாலு மணிக்கு மேல் அனுப்புங்கள். மத்தியானம் தூங்குவேன்.